உப்புத் தண்ணீர் பாயும் நிலத்துக்கு வாங்கிய மக்கு உரம்

எங்கள் நிலம் கிருமாம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடற்கரையை ஒட்டி இருக்கிறது. போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே கரிக்கும். பரிசோதனைக்குக் கொடுத்ததில், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3.1 டெசிசைமன் என்று வந்தது. கத்தரிக்கு அது ரொம்பவே அதிகம்.

முந்தின வருடம் ஒரு கடையில் கோழி எரு மூட்டை வாங்கிப் போட்டேன். கோழி எருவிலேயே உப்பு நிறைய இருக்கிறது என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. நாற்று வேர் பிடிக்கும் முன்னே இலை ஓரமெல்லாம் கருகிப்போனது.

இந்த முறை நெல்லிக்குப்பம் போகும் வழியில் ஒரு எருக் களத்துக்குப் போனேன். சர்க்கரை ஆலைக் கழிவையும் சாணத்தையும் சேர்த்து மக்க வைக்கிறார்கள். "மேலாகப் பார்த்து வாங்காதீங்க அக்கா, உள்ளே கையை விட்டுப் பாருங்க" என்றார் களத்துத் தம்பி. முழங்கை வரை விட்டேன். சூடு இல்லை, நாற்றம் இல்லை, புதுமழை மண் வாசனைதான். உருட்டினால் உருண்டை நின்றது, விரலால் தட்டியதும் உதிர்ந்தது. வீட்டில் குடிதண்ணீரில் கரைந்த உப்பைப் பார்க்கிற டி.டி.எஸ் மீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரு பங்கு உரத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து பார்த்ததில் 1,100 காட்டியது. வீட்டில் மிச்சமிருந்த கோழி எருவை அதே மாதிரி கலந்தபோது 3,000-ஐத் தாண்டியிருந்தது.

அரை ஏக்கருக்கு இரண்டு டிரெய்லர் சொன்னேன். கொண்டுவந்து கொட்டுவதோடு சேர்த்து டிரெய்லர் 4,500 ரூபாய். மண்புழு உரம் கிலோ பத்து ரூபாய் சொல்கிறார்கள், இந்த அளவுக்கு அதை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் இரண்டாவது நடை நனைந்து வந்தது. எடை இருந்தது, அளவு இல்லை. கிழக்கு ஓரம் எட்டு சென்டுக்கு உரம் எட்டவில்லை. கேட்டதற்கு, அடுத்த முறை சரி செய்கிறேன் என்றதோடு சரி.

புரட்டாசியில் இறைத்து உழுதுவிட்டோம். மழைக்கு முன்னே போட்டது நல்லதாய்ப் போயிற்று. மண் பொலபொலவென்று ஆனதால் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கி உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போய்விட்டது. ஆலைக் கழிவில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் அதற்குத் துணை. தையில் கத்தரி நட்டு, அதே போர் தண்ணீரைத்தான் பாய்ச்சினேன். பங்குனி வெயிலில் அந்த எட்டு சென்டில் மட்டும் பார் முகட்டில் வெள்ளையாக உப்புப் பூத்தது, தண்ணீர் தேங்கிப் பொருக்குத் தட்டியது. உரம் போட்ட பக்கம் பாய்ச்சின தண்ணீர் அப்படியே இழுத்துக்கொண்டது, இலை பச்சையாகவே நின்றது. காயும் சித்திரை கடைசி வரை பறித்தோம்.

தண்ணீரின் உப்பு குறைந்துவிடவில்லை, மீட்டரில் அது அப்படியேதான் இருக்கிறது. அதனால் இந்த வருடமும் போட வேண்டும். ஆவணியிலேயே சொல்லி வைத்திருக்கிறேன், காய்ந்த உரமாக மூன்று டிரெய்லர். கொட்டும்போது நான் பக்கத்தில் நிற்பேன் என்றும் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.