ஆஸ்ட்ரோனேசிய ஒப்பீட்டு அகராதி: லாவுட் தேடிப் போனா டாயாவும் சேர்ந்து வருது

மலாய்ச் சொல்லுக்கு அர்த்தம் வேணும்னா மலேசிய அரசோட மொழி அமைப்பு டேவான் பஹாசா நடத்துற பிஆர்பிஎம் அகராதித் தளமே போதும், ஆனா அந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சு, பக்கத்து மொழிக்காரங்க அதை என்னன்னு சொல்றாங்கன்னு நோண்டணும்னா எனக்குப் பிடிச்சது ஆஸ்ட்ரோனேசிய (மலாய், ஜாவானியம், பிலிப்பைன்ஸ் மொழிகள் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பம்) ஒப்பீட்டு அகராதிதான். ராபர்ட் பிளஸ்ட்னு ஹவாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் பல வருஷம் உட்காந்து தொகுத்தது, நெட்ல ஏத்திக் கொடுத்தவர் ஸ்டீபன் டிரசல். பிளஸ்ட் 2022ல இறந்துட்டார், அகராதி இன்னும் இலவசமா கிடைக்குது.

சாம்பிளுக்கு லாவுட். மலாய்ல கடல், சுமத்ராவோட மினாங்காபாவு மொழியில லாவுய்க், அதுவும் கடல்தான். இதுல என்ன பெருசா இருக்குன்னு நினைப்பீங்க, ஆனா சரவாக் ஈபான்காரங்க லாவுட்னு சொன்னா அது மலாய்க்காரங்க! அப்போ கடலுக்கு என்ன சொல்வாங்கன்னு பார்த்தா தாசேக், நாம மலேசியாவுல ஏரிக்குச் சொல்ற அதே சொல். கேட்டா ஈபான் மாத்திப் பேசுற மாதிரி தோணும், ஆனா தாசேக்கோட பழைய அர்த்தமே கடல்தானாம், ஏரி ஆக்கினது மலாய்.

லாவுட்டோட மூல வடிவம் *லஹுட். முன்னாடி நட்சத்திரம் போட்டிருந்தா எங்கேயும் எழுதிவச்ச சொல் இல்ல, உறவு மொழிகளை ஒப்பிட்டு இப்படித்தான் இருந்திருக்கும்னு கட்டின வடிவம்னு அர்த்தம். அது முதல்ல கடலே இல்லைங்க, திசை. ஆத்தோட கீழ்ப்பக்கம், கடலைப் பார்த்த பக்கம். ஜோடி *டாயா, ஆத்தோட மேல்பக்கம், உள்நாடு. கடல் எந்தப் பக்கமோ அந்தத் திசைக்குப் பேரு ஒட்டிக்கும், அதனால ஜாவானியர்களுக்கு வடக்கு (லோர்), பிலிப்பைன்ஸ்ல லூசோன் தீவு மேற்குக் கரை இலோகானோ மொழியில மேற்கு (லாவுட்), அவங்களுக்கு டாயான்னா கிழக்கு. பாலியில இன்னும் கூத்து, கெலோட்னா கடல் பக்கம், தெற்குப் பாலியில அது தெற்கு, வடக்குப் பாலியில வடக்கு.

இதைப் படிச்சப்புறம்தான் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ண திமோர் லாவுட் (வடகிழக்கு), பாராட் லாவுட் (வடமேற்கு), பாராட் டாயா (தென்மேற்கு) எல்லாம் புரியும், திமோர்னா கிழக்கு, பாராட்னா மேற்கு. பினாங்குத் தீவுல ஜார்ஜ் டவுன் இருக்கிற மாவட்டம் திமோர் லாவுட், பாலிக் புலாவ் பக்கம் பாராட் டாயா, ஆனா அங்க டாயா பக்கமும் கடல்தான், பேரு மட்டும் நின்னு போச்சு 😄 நம்ம ஆளுங்களும் மலை இருக்கிற மேல்பக்கத்தை மேற்குன்னும் சரிஞ்சு கடலுக்கு இறங்குற கீழ்ப்பக்கத்தை கிழக்குன்னும் வச்சவங்கதானே, அதனால இந்த லாஜிக் நமக்கு ஈஸியா பிடிபடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, கடன் சொற்களைத் தனியா பிரிச்சு வச்சிருக்கிறதும், தற்செயலா ஒரே மாதிரி ஒலிக்கிற சொல்லை எல்லாம் 'நாய்ஸ்'னு பேரு வச்சு ஓரமா தள்ளினதும். ரெண்டு சொல் ஒரே மாதிரி இருந்தா உடனே சொந்தம் கொண்டாடுற நம்ம வாட்ஸ்அப் மாமாக்கள் அந்தப் பகுதியை ஒரு தடவை மேயணும்.

குறைன்னா, முழுக்க இங்கிலீஷ், அதுவும் சுருக்கெழுத்தா வரும், பிஎம்பின்னா மலாயோ-பாலினேசிய மூலமொழி, பிஏஎன்னா அதுக்கும் மூத்தது, இப்படி நாலஞ்சு பழகிட்டா ஓடிடும். பதிவெல்லாம் மூல வடிவத்து வரிசையில இருக்கிறதால லாவுட்டை நேரா அங்க தேடி அலையாதீங்க, மொழிப் பட்டியல்ல மலாய் எடுத்து அதுக்குள்ள போங்க. போன்ல பார்க்க கண்ணு வலிக்கும், லேப்டாப் உத்தமம்.

கெடாய் நம்ம கடை, காப்பால் நம்ம கப்பல்னு தமிழ்ல இருந்து மலாய்க்குப் போன சொல்லுக்காக மட்டும் வர்றீங்கன்னா உங்களுக்கு இது சரிப்படாது, இவங்க வேலை ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்துச் சொல்லைப் பத்தி. மத்தவங்களுக்கு என் மார்க் 5க்கு 4, அந்த ஒண்ணு கண்ணு வலிக்காக.