ஐசியூ வாசலில் பையைக் கொடுக்கும் முன் சிரிஞ்ச் மூடியின் நிறத்தைப் பாருங்கள்

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவுக்கு நிமோனியா முற்றி, மேலூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். (பெயரைக் கேட்காதீர்கள், புகார் போய்க்கொண்டிருக்கிறது.) ஐசியூ, வெண்டிலேட்டர், மயக்க மருந்து. சிஸ்டர் கதவைத் திறந்து சீட்டை நீட்டுவார், கீழே பார்மசிக்கு ஓடி வாங்கி வந்து பையைக் கொடுக்க வேண்டும், நமக்கு அவ்வளவுதான் வேலை.

மூன்றாம் நாள் இரவு இன்சுலின் சீட்டு. கொடுத்துவிட்டு வராண்டாவில் பாயை விரித்துப் படுத்தேன். இரண்டு மணிக்கு எழுப்பி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சுகரை ஏற்ற ஊசியில் போடும் குளுக்கோஸ்) உடனே வேண்டும் என்றார்கள். சுகர் 34க்கு இறங்கிவிட்டது, உயிருக்கே ஆபத்தான அளவு. காலையில் டாக்டரைக் கேட்டால், "வயசானவங்களுக்கு இப்படித்தான் ஏறி இறங்கும்."

மதினி நர்ஸ். பில்லைப் பார்த்ததுமே, "தம்பி, இன்சுலின் நூறு, சிரிஞ்ச் நாப்பது போட்டிருக்கான்" என்றார். அப்புறம்தான் விளங்கியது. இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட்டிலும் வருகிறது, 100 யூனிட்டிலும் வருகிறது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியை சிவப்பு மூடி சிரிஞ்சில் 16ஆம் கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 40 யூனிட். நினைவோடு இருப்பவராவது வேர்க்கிறது, படபடக்கிறது என்று சொல்வார். மயக்கத்தில் கிடப்பவர் என்ன சொல்வார்?

பார்மசி மாற்றிக் கொடுத்தது என்கிறார்கள் மேலே, சிஸ்டர் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள் கீழே. அன்று அந்தப் பிள்ளைக்கு நான்கு படுக்கை, தனியாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேஸ் ஷீட்டை, அதாவது என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று எழுதிய பதிவை, வாயால் கேட்டே நான்கு நாள் வீணாக்கினேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் அசைந்தார்கள். அதில் "ரெகுலர் இன்சுலின் 16 யூனிட்" என்றுதான் இருக்கிறது, எந்தக் குப்பி என்று இல்லை. பில்லில் மட்டும்தான் இருக்கிறது.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பேரன் பெயரைக் கூப்பிட இன்னும் கொஞ்சம் யோசிக்கிறார். அந்த ராத்திரியால்தானா என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஆனால் பார்மசி பில்லின் எழுத்து அதுவரை தாங்காது, அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் பண்ணிவிடாதீர்கள், சூட்டில் முழுசும் கறுத்துவிடும். என்னுடைய முதல் நாள் பில் அப்படித்தான் போனது.