கிச்சன் தராசும் அம்மாவோட ஆழாக்கும்: மூணு வருஷ அனுபவம்

கிச்சன் தராசு வாங்கி மூணு வருஷம் ஆச்சு. 5 கிலோ வரைக்கும் தாங்கும், 1 கிராம் கணக்குல காட்டும், சாதா பேட்டரி மாடல்தான். வாங்க வச்சது ஒரு பிரியாணி. ரெசிபில 1 கிலோ சீரக சம்பான்னு இருந்துச்சு, ஒரு கப்னா 200 கிராம்னு எங்கயோ படிச்ச ஞாபகத்துல எலக்ட்ரிக் குக்கரோட வந்த கப்ல அஞ்சு போட்டுட்டு, தண்ணிய மட்டும் 250 மில்லி கப்ல ஒண்ணுக்கு ஒன்றரைன்னு ஊத்தினேன். குக்கர் கப் 180 மில்லிதாங்க, அது ஜப்பான்காரங்களோட பழைய அளவு, குக்கரோட சேர்ந்து நம்ம வீட்டுக்கும் வந்துடுச்சு. ஆக உள்ள விழுந்த அரிசி 750 கிராம், தண்ணி கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர். மாமா கரண்டில அள்ளிப் பாத்துட்டு "நோன்புக் கஞ்சியா மாப்ள?"ன்னு கேட்டார்.

தராசு வந்ததும் மொத வேலையா வீட்ல இருக்கற கப், டம்ளர் எல்லாத்தையும் நிறுத்தேன். பொன்னி பச்சரிசி 250 மில்லி கப்ல தலை தட்டி எடுத்தா 205 கிராம், குக்கர் கப்ல 150 கிட்ட. அதே கப்ல கெட்டி அவல் பாதி எடை கூட வரல, அதனால ஒரு கப் = இத்தனை கிராம்னு சொல்ற பட்டியல் எதையும் நம்பறதில்ல. கப்பை ரெண்டு தட்டு தட்டினாலே அரிசி கீழ இறங்கி இன்னும் அஞ்சாறு கிராம் உள்ள போகுது.

நான் ரொம்ப நாள் தப்பு பண்ணது தண்ணில. பொன்னிக்கு ஒண்ணுக்கு ரெண்டரைன்னு அம்மா சொல்றது கப் கணக்கு, நான் அதையே கிராமுக்கு போட்டு 200 கிராம் அரிசிக்கு 500 தண்ணி வச்சு சாதம் விதை விதையா நின்னுச்சு. தண்ணி 1 மில்லி 1 கிராம், அரிசி 1 மில்லி 0.8 கிராம்தான், அப்ப எடைல ஒண்ணுக்கு மூணு வைக்கணும். இப்ப குக்கர் பாத்திரத்தை தராசுல வச்சு ஜீரோ பண்ணி அரிசி, மறுபடி ஜீரோ பண்ணி தண்ணி, கப் கழுவற வேலையே இல்ல.

குறைன்னா, ரெண்டு நிமிஷம் சும்மா விட்டா தானா அணைஞ்சிடுது, பாதி கொட்டிட்டு ஃபோன் எடுத்தா கணக்கு போச்சு. பெரிய பாத்திரம் வச்சா டிஸ்ப்ளே மறைஞ்சிடும். உப்பு, பெருங்காயம் மாதிரி 5 கிராமுக்கு கீழ எதுவும் சரியா வராது. மத்தபடி இப்பவும் அரை லிட்டர் பால் பாக்கெட் வச்சா 515க்கு மேல காட்டுது, பால் தண்ணியவிட கொஞ்சம் கனம், அதனால சரிதான்.

போன தடவை 25 கிலோ மூட்டை வாங்கினப்ப, அம்மாவோட ஆழாக்கு 140 கிராம், ஒரு நாளைக்கு மூணு, 59 நாள் வரும்னு சொன்னேன். அம்மா தராசு பக்கமே திரும்பாம "அம்பது நாள்"னாங்க. 51வது நாள் மூட்டை காலி. நான் தலை தட்டி நிறுத்திருக்கேன், அவங்க கோபுரமா அள்ளுவாங்க, அது 165.