பழைய அம்ப்ளிஃபயர் போர்டு: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

ஹட்டன், நுவரெலியா பக்கத்து வீடொன்றில் எழுபதுகளின் ஜப்பானிய அம்ப்ளிஃபயர் இருந்து, அதில் ஒரு பக்கம் பாடாமல் போனால் மூன்று யோசனைகள் வரும். போர்டிலேயே பழுதைத் தேடிச் சரிசெய்வது ஒன்று. மின்னைத் தேக்கி வைக்கும் கண்டென்சர்கள் அனைத்தையும் கழற்றிப் புதிது போடுவது இன்னொன்று. பழைய போர்டையே எடுத்துவிட்டு, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஆயத்தமாகக் கிடைக்கும் சீன போர்டைப் பொருத்துவது மூன்றாவது. என் வாக்கு முதலாவதற்கே.

சீன போர்டு மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அதை விற்பவர் உங்கள் ட்ரான்ஸ்ஃபோமரைப் பற்றிக் கேட்பதில்லை. 50 வாட் அளவுள்ள பழைய செட்டின் மின்வழங்கி ±35 வோல்ட்டோ அதற்கு மேலோ தரக்கூடும். சீன போர்டுகளில் வரும் ஐ.சி.களில் டீ.டி.ஏ. 7294 ±40 வரை வேலை செய்யும். டீ.டி.ஏ. 2030க்கு ±18தான் எல்லை, டீ.பி.ஏ. 3116க்கோ ± இல்லாத ஒற்றை மின்வழியில் 26 வோல்ட். அளக்காமல் இணைத்தால் புகைதான். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான 100 வோல்ட் செட்டாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே செருகவே கூடாது. போகட்டும், எல்லாம் பொருந்தினாலும் அந்த செட்டுக்கே உரிய நாதம் அதோடு போய்விடும்.

எல்லாக் கண்டென்சரையும் மாற்றுவது, ஒரு பல் வலிக்கிறதென்று வாய் முழுவதும் பிடுங்குவது. காலப்போக்கில் காய்ந்துபோவது, உள்ளே திரவம் உள்ள எலக்ட்ரோலிட்டிக் வகைதான். பிளாஸ்டிக் படலத்தாலான ஃபிலிம் வகை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழுப்பு நிறப் பழைய போர்டுகளில் சூடு கொஞ்சம் கூடினாலே செப்புத் தடம் உரிந்து எழும்பும். துருவத்தை மாற்றிப் போட்டால் பழுது இரண்டாகிவிடும். எது பழையது, எது நாம் உண்டாக்கியது என்று பிரிக்கவும் முடியாது.

தேடிச் சரிசெய்வதற்குப் பொறுமை வேண்டும், கருவி அதிகம் வேண்டாம். கரண்டைத் துண்டித்து, பெரிய ஃபில்டர் கண்டென்சர்களை ரெசிஸ்டர் வழியாக வெறுமையாக்கிய பிறகே போர்டில் கை வைக்க வேண்டும். மீண்டும் இயக்கும்போது செட்டுக்குக் கரண்ட் வரும் வழியில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணையுங்கள். பல்பு பளீரென்று எரிந்து அப்படியே நின்றால் எங்கோ ஷோர்ட். மின்னி மங்கினால் மேலே போகலாம். ஸ்பீக்கர் முனையில் நேரோட்ட (டீ.சி.) மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். சில நொடிகளில், ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்சான ரிலே 'டக்' என்று விழாவிட்டால் காரணம் பெரும்பாலும் இந்த அழுத்தமே. ரிலே விழுந்தும் ஒரு பக்கம் மங்கலாகவோ விட்டுவிட்டோ பாடினால் அதன் தொடுமுனைகள் கறுத்திருக்கும்.

மலைநாட்டில் நான் முதலில் பார்ப்பது பசையை. பெரிய கண்டென்சர்கள் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஊற்றிய பசை, காலப்போக்கில் தேன் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும். மாறியது ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தைக் கசியவிடும், அருகிலுள்ள கம்பிக் கால்களை அரிக்கும். தென்மேல் பருவ மழையில் காலையில் கரகரவென்று இரைந்து, செட் சூடேறியதும் அடங்கும் இரைச்சலுக்கு இதையும் சந்தேகிக்க வேண்டும். மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் அடியில் பச்சை பூத்த டயோடு காலோ, தொட்டதும் முறியும் ரெசிஸ்டரோ தென்படலாம். அதை மட்டும் மாற்றி, பவர் டிரான்சிஸ்டர்களின் கால்களில் மோதிரம்போல் வெடித்த ஈயப் பற்றுகளை மீண்டும் உருக்கிவிட்டால் பாதி செட்கள் பேசிவிடும். ஹிட்டாச்சியின் 2எஸ்சி458 போன்ற பழைய சிறு டிரான்சிஸ்டர்கள் இரைந்தால் புதியது போடலாம், கால் வரிசை பார்த்து. பவர் டிரான்சிஸ்டரை மட்டும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 இரண்டிலும் போலி ஏராளம்.

பவர் பகுதி ஒரே கட்டையில் அடங்கிய எஸ்டிகே ஐ.சி. எரிந்த செட்டுக்கு மட்டும் என் வாக்கு மாறும். அசல் கிடைப்பது அரிது, போலியை நம்பிப் பணம் கொடுப்பதில் பயனில்லை. அங்கே ட்ரான்ஸ்ஃபோமர், ஹீட் சிங்க், முன்பக்கக் குமிழ்கள் எல்லாவற்றையும் பழையதாகவே வைத்து, மின்வழங்கியை அளந்துவிட்டு டீ.டி.ஏ. 7294 போர்டு இரண்டைப் பொருத்தலாம்.