முடியாட்சியும் மதமும்: வெள்ளவத்தையில் விற்கிற உயர்தரக் கையேடு வாங்கலாமா?

வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளில் டியூட் (வகுப்புக் குறிப்பு) கட்டுகளுக்கு நடுவே கிடக்கும் மஞ்சள் அட்டைக் கையேடு இது. ஐரோப்பாவின் வரம்பற்ற முடியாட்சியையும் மதத்தையும் க.பொ.த. உயர்தர மாணவருக்காகத் தொகுத்திருக்கிறார்கள். ஆண்டுகள் அநேகமாகச் சரி. ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையில்தான் சறுக்குகிறது. "அரசன் கடவுளின் பிரதிநிதி, ஆகவே திருச்சபை அவன் பக்கம்" என்ற ஒரே வாய்பாட்டால் எல்லா நாட்டையும் அளந்துவிடுகிறது. தெய்வீக உரிமை பேசிய கத்தோலிக்க அரசர்களும் பாப்பரசரோடு மல்லுக்கட்டினார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை.

பிரான்ஸ் பகுதிதான் நீளம், பலவீனமும் அங்கேதான். ஹியூகனோட்டுகள் எனும் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தருக்கு வழிபாட்டு உரிமை தந்த, நான்காம் ஹென்றியின் 1598 நாந்து கட்டளையிலிருந்து, பதினான்காம் லூயி அதை ரத்துச் செய்த 1685க்கு ஒரே தாவல். நடுவில் 1629ஐக் காணோம். அவர்களின் கோட்டை நகரான லா ரொஷேல் விழுந்த மறு ஆண்டு, அலே உடன்படிக்கையால் அரசனின் முதன்மை அமைச்சர் ரிஷலியூ ஹியூகனோட்டுகளின் கோட்டைகளைப் பறித்தார். வழிபாட்டு உரிமையில் கைவைக்கவில்லை. இதை விட்டுவிட்டதால், "அரசுக்குள் அரசாக இருந்தார்கள், அதனால் லூயி ஒடுக்கினார்" என்று மாதிரி விடை போகிறது. 1685இல் அவர்களிடம் பறிக்க எந்தக் கோட்டை இருந்தது?

அடுத்த பக்கத்தில் இதைவிடப் பெரிய பிழை: லூயி ஹியூகனோட்டுகளை "நாடு கடத்தினார்" என்கிறது. நாந்து கட்டளையை ரத்துச் செய்த 1685 ஃபொந்தெய்ன்புளோ கட்டளை வெளியேறச் சொன்னது, மதம் மாற மறுத்த போதகர்களை மட்டும். தவணை 15 நாள். சாதாரண சனத்துக்கு எல்லை தாண்டத் தடை. பிடிபட்ட ஆண்களுக்கு அரச கப்பல்களில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்களுக்குச் சிறை. இவ்வளவுக்கும் நடுவே ஏறத்தாழ 2 இலட்சம் பேர் களவாகத் தப்பினார்கள். அதே ஆண்டு பொட்ஸ்டாம் கட்டளை போட்டு ஜேர்மன் அரசான பிராண்டன்பேர்க் அவர்களை வரவேற்றது. "நாடு கடத்தினார்" என்று எழுதும் பிள்ளைக்கு, அரசு தடுத்தும் தொழில் தெரிந்த கைகள் ஏன் போய்ச் சேர்ந்தன என்று விளக்க வழியே இருக்காது.

1682இன் நான்கு கலிக்கன் (பிரெஞ்சுத் திருச்சபையின் தனியுரிமை) பிரகடனங்கள் இன்னொரு அத்தியாயத்தில் தனியே கிடக்கின்றன. ஆயர் இல்லாத மறைமாவட்டத்தின் வருமானம் யாருக்கு என்பதில் லூயிக்கும் பாப்பரசருக்கும் முற்றிய சண்டை அது. உலக விடயங்களில் பாப்பரசருக்கு அரசன்மேல் அதிகாரமில்லை என்று பிரெஞ்சுக் குருமார் சபை அறிவித்தது. அதில் பங்குபற்றியவர்களை ஆயர்களாக ஏற்கப் பதினோராம் இன்னொசென்ட் மறுத்தார். மூன்றே வருடத்தில் 1685 வருகிறது. ரோமோடு முறுகி நின்ற அரசனுக்குத் தன் கத்தோலிக்கப் பற்றைக் காட்டவேண்டிய தேவையும் இருந்தது. இரண்டு பக்கங்களையும் பென்சிலால் ஒன்றோடொன்று தொடுத்து, 1693இல் லூயி இறங்கிவந்ததையும் ஓரத்தில் குறியுங்கள். கட்டுரைக்குக் கனம் தருவது இந்தத் தொடுப்புத்தான்.

இங்கிலாந்து பரவாயில்லை. 1534இல் எட்டாம் ஹென்றி திருச்சபையின் "தலைவர்", 1559இல் எலிசபெத் "உயர் ஆளுநர்"; கையேடு இரண்டுக்கும் "தலைவர்" என்றே போடுகிறது. அதைத் திருத்தினால் போதும்.

ஜேர்மன் அரசுகளில் எது லூத்தரன், எது கத்தோலிக்கம் என்று அரசனே தெரிய விட்ட 1555 ஓக்ஸ்பேர்க் சமாதானத்தின் வரைபடம் கண்ணுக்குத் தண்டனை. லூத்தரன் பகுதிக்குப் புள்ளி, கத்தோலிக்கப் பகுதிக்குக் கோடு என்று கீழே விளக்கம் இருக்கிறது. போட்டோக்கொப்பியில் இரண்டும் ஒரே சாம்பல் திட்டு. சாக்சனிக்கு ஒரு நிறம், பவேரியாவுக்கு ஒரு நிறம் தீட்டிக்கொள்ளுங்கள். விளக்கத்தில் இன்னொரு புரட்டஸ்தாந்தப் பிரிவான கல்வினியரையும் சேர்த்திருப்பதை வெட்டுங்கள். அவர்களுக்கு அந்தச் சட்ட அங்கீகாரம் 1648 வெஸ்ட்பேலியா உடன்படிக்கையில்தான் கிடைத்தது.

எதிர்பாராமல் நன்றாக வந்திருப்பது ரஷ்யா. 1700இல் ரஷ்யத் திருச்சபைத் தலைவரான பிதாப்பிதா ஆட்ரியன் இறந்தபின் மன்னன் பேதுரு அந்தக் கதிரையை நிரப்பாமலே இழுத்தடித்து, 1721இல் சினொட் என்ற சபையை வைத்ததை ஒன்றரைப் பக்கத்தில் சுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியில் இலங்கை ஒப்பீடு என்று நான்கு வரி. போர்த்துக்கேய அரசரின் கையிலிருந்த திருச்சபை ஆதரவுரிமையோடு (ஆயர்களை முன்மொழியும் உரிமை) நின்றுவிடுகிறது. காலிமுகத்திடலில் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்ட யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடுத்திருந்த 1687இல் மாறுவேடத்தில் இங்கு இறங்கியவர். ஃபொந்தெய்ன்புளோவுக்கு இரண்டு வருடம் பின்னால். அப்போது ஒல்லாந்து ஒரு குடியரசு என்பதால் அந்த ஒப்பீடு இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பவர் ஆண்டுகளை மீட்ட வாங்கலாம். தனியே படிப்பவர் இதை மட்டும் நம்பினால் பிரான்ஸ் கேள்வியில் புள்ளி போகும். பசை பைண்டிங் சீக்கிரம் விடுகிறது, வாங்கியதும் முதுகில் இரண்டு ஸ்டேப்பிள் அடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்குமுன் கடையிலேயே ஒருதரம் புரட்டுங்கள்: சில பிரதிகளில் அந்த நல்ல ரஷ்யப் பகுதி தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கிறது.