மின்பேனாவா, காற்று உளியா?

கிருஷ்ணகிரியில் சீர்வரிசைப் பாத்திரம் வாங்கினால், கடையிலேயே மின்பேனாவால் பெயர் வெட்டித் தருவார்கள். உள்ளே மின்காந்தச் சுருள்; நம் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டில் முனை நிமிடத்துக்குச் சுமார் 6000 முறை குத்தும். எவர்சில்வர் குடத்தில் பெயர் எழுத அது போதும், விலையும் குறைவு. ஆனால் அது உலோகத்தைச் சீவி எடுப்பதில்லை, புள்ளி புள்ளியாக நசுக்குகிறது. அதனால் கோட்டில் பளபளப்பு இருக்காது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் டான் கிளேசர் உருவாக்கிய கிரேவர்மெய்ஸ்டர் என்ற காற்று உளி வேறு ரகம். பம்ப்பின் காற்று கைப்பிடிக்குள் இருக்கும் பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டும், அது உளியைப் பின்னாலிருந்து தட்டும். அடியின் பலம் கால் மிதியில். கை திசையைப் பார்த்துக்கொண்டால் சரி. வெள்ளி மெல்லிய சுருளாக எழும்பி வரும். பள்ளத்தின் சுவர் கண்ணாடி போல மின்னும்.

குங்குமச் சிமிழில் கொடி வேலை செய்யும் பட்டறைக்கு நான் தயங்காமல் சொல்வது காற்று உளியைத்தான். பெயர் மட்டும் வெட்டும் கடைக்கு அந்தச் செலவு வேண்டாம். அப்புறம், உளி தீட்டக் கற்றே ஆகவேண்டும்: கோணம் தவறினால் எத்தனை காற்று இருந்தாலும் முனை வழுக்கிப் பொருளில் கீறல் விழும்.