மெமரி குறியாக்க விஎம்மும் பாஸ்த்ரூவும்: எந்தச் சாதனத்துக்கு எந்த வழி?

கான்ஃபிடென்ஷியல் விஎம் (மெமரி குறியாக்கம் செய்யப்பட்ட மெய்நிகர் கணினி) ஒன்றை எடுத்து, அதற்கு என்விஎம்இ டிஸ்க்கையோ நெட்வொர்க் கார்டையோ பாஸ்த்ரூ செய்துவிட்டால், அதாவது நேரடியாக ஒப்படைத்துவிட்டால், ஹோஸ்ட்டின் (விஎம்மை ஓட்டும் சர்வரின்) கண்ணில் எதுவும் படாது, வேகமும் நேரடி ஹார்டுவேர் அளவுக்கு வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரண்டுமே சரியில்லை. வேகத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சாதனம் உங்கள் தரவை வெளிப்படையாகப் பார்த்தே ஆகவேண்டுமா? டிஸ்க் பார்க்க வேண்டியதில்லை. கெஸ்ட்டுக்குள்ளேயே (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்திலேயே) லக்ஸ் எனும் டிஸ்க் குறியாக்கத்தைப் போட்டுவிடலாம். நெட்வொர்க் கார்டும் பார்க்க வேண்டியதில்லை, இணைப்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் இருக்கிறது. ஜிபியு பார்த்தே ஆகவேண்டும். குறியாக்கம் செய்த எண்களை வைத்து அதனால் கணக்குப் போட முடியாது.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? விஎம்மின் மெமரியைக் குறியாக்கம் செய்யும் சாவி சிபியுவுக்குள் இருக்கிறது. பிசிஐ வழியாக இணைந்த சாதனம் டிஎம்ஏ செய்யும்போது, அதாவது சிபியு இல்லாமல் நேராக மெமரியில் எழுதும்போதோ படிக்கும்போதோ, அந்தச் சாவி அதற்குக் கிடைப்பதில்லை. ஏஎம்டியின் விஎம் மெமரிக் குறியாக்க வசதியான எஸ்இவியின் முதல் தலைமுறையில் சாதனம் தனிப்பட்ட (குறியாக்கம் செய்த) மெமரிப் பக்கத்தில் எழுதினால், கெஸ்ட் படிக்கும்போது குப்பைதான் வரும். 2021இல் மிலான் சிப்களோடு வந்த எஸ்இவி-எஸ்என்பியில் எந்தப் பக்கம் யாருடையது என்று சொல்லும் ஆர்எம்பி என்ற அட்டவணையைப் பார்த்து, சாதனங்களின் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ அந்த எழுத்தையே மறுத்துவிடும். இன்டெலின் இணையான வசதியான டிடிஎக்ஸில் அந்த இடம் 'நஞ்சு' ஏறியதாகக் குறிக்கப்பட்டு, கெஸ்ட் அதைத் தொட்டவுடன் மெஷின் செக் எனும் ஹார்டுவேர் பிழை வரும். விளைவு மூன்றிலும் ஒன்றுதான்: சாதாரணச் சாதனத்தால் தனிப்பட்ட மெமரியைப் பயன்படுத்த முடியாது.

அதனால் கெஸ்ட் கெர்னல் மெமரியின் ஒரு பகுதியைக் குறியாக்கம் இல்லாமல், ஹோஸ்ட்டோடு பகிர்ந்ததாக வெளியே விடுகிறது. அதுதான் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி எனும் பவுன்ஸ் பஃபர். வந்தவர் சாமானைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போக, வீட்டுக்காரர் உள்ளே எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு. டிஸ்க்கிலிருந்து 4 கேபி படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் டிஎம்ஏ முகவரி கேட்கும்போது, உங்கள் பஃபருக்குப் பதிலாகப் பகிர்ந்த பகுதியில் ஓர் இடத்தின் முகவரியை கெர்னல் தருகிறது. டிஸ்க் அங்கே எழுதும். முடிந்ததும் சிபியு அதைப் பைட் பைட்டாகத் தனிப்பட்ட பக்கத்துக்கு நகலெடுக்கும். பாஸ்த்ரூ செய்த சாதனத்துக்கும் இதே வழிதான், ஹோஸ்ட் மென்பொருளால் உருவாக்கித் தரும் மெய்நிகர் சாதனமான விர்ட்ஐஓவுக்கும் இதே வழிதான்.

விர்ட்ஐஓவா, விஎஃப்ஐஓ பாஸ்த்ரூவா?

விஎஃப்ஐஓ என்பது பாஸ்த்ரூ செய்ய உதவும் லினக்ஸ் கெர்னல் பகுதி. விர்ட்ஐஓ, பாஸ்த்ரூ இரண்டிலும் நகலெடுப்பு இருப்பதால், பெரிய பெரிய பிளாக்குகளாகத் தரவு ஓடும் வேலையில் இரண்டுக்கும் உள்ள தூரம் சாதாரண விஎம்மில் இருப்பதைவிடச் சுருங்கிவிடுகிறது. பாஸ்த்ரூவின் உண்மையான ஆதாயம் ஹோஸ்ட்டுக்குப் போய்வரும் பயணம் குறைவதுதான். குறியாக்க விஎம்மில் ஹோஸ்ட்டுக்கு இப்படிப் போகும் ஒவ்வொரு வெளியேற்றமும் சாதாரண விஎம்மைவிட அதிகச் செலவு பிடிக்கும்; ரெஜிஸ்டர்களைப் பாதுகாத்து வைத்து, ஹோஸ்ட்டுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொடுத்து, திரும்பி வரவேண்டும். சின்னச் சின்ன பாக்கெட்டுகள், குறைந்த தாமதம் தேவைப்படும் டேட்டாபேஸ் என்றால் பாஸ்த்ரூ வெல்லும். மற்றபடி விர்ட்ஐஓ போதும் என்பது என் கருத்து. பாஸ்த்ரூவால் லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை வேறு சர்வருக்கு நகர்த்துவது) சிக்கலாகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பாதுகாப்பில் பாஸ்த்ரூ எதையும் கூட்டுவதில்லை. சாதனம் எது என்று கெஸ்ட்டுக்குக் காட்டப்படும் பிசிஐ கான்ஃபிக் தகவல் ஹோஸ்ட் வழியாகத்தான் வருகிறது. அது உண்மையான டிஸ்க்தானா, நடுவில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கெஸ்ட்டால் உறுதிசெய்ய முடியாது. பகிர்ந்த பஃபரையும் ஹோஸ்ட் தாராளமாகப் படிக்கலாம். எனவே இரண்டு வழியிலும் லக்ஸும் டிஎல்எஸ்ஸும் கட்டாயம். லக்ஸ் ரகசியத்தைத்தான் காக்கும். டிஎம்-இன்டெக்ரிட்டி சேர்த்தால் யாராவது பிளாக்கை மாற்றியிருந்தால் தெரியும். ஆனால் நேற்றைய பிளாக்கை அப்படியே திருப்பி வைத்தால் அதுவும் பிடிக்காது.

பாஸ்த்ரூவை எடுப்பவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது, பவுன்ஸ் பஃபரின் அளவு. எக்ஸ்86 லினக்ஸ் கெஸ்ட்டில் மெமரியின் 6 சதவீதம், அதிகபட்சம் 1 ஜிபி என்பது இயல்பு அளவு. 16 ஜிபி விஎம்முக்கே கிட்டத்தட்ட 1 ஜிபி கிடைத்துவிடும். 512 ஜிபி விஎம்முக்கும் அதே 1 ஜிபிதான். வேகமான பல டிஸ்க்குகளைச் சொருகினால் பஃபர் நிரம்பிவிட்டது என்று கெர்னல் லாக்கில் வரிசையாக வரும். கெர்னலின் பூட் வரியில் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அங்கே கொடுப்பது பைட் கணக்கு இல்லை, 2 கேபி துண்டுகளின் எண்ணிக்கை. 1 ஜிபிக்கு 524288 என்று எழுத வேண்டும், 2 ஜிபிக்கு 1048576.

இரண்டாவது, ஹோஸ்ட் பக்கம். எஸ்என்பியிலும் டிடிஎக்ஸிலும் தனிப்பட்ட பக்கங்கள் கெஸ்ட்-மெம்எஃப்டி என்ற தனி இடத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் பகிர்ந்ததாக மாறும்போதும் திரும்பும்போதும் ஐஓஎம்எம்யூ மேப்பிங்கும் கூடவே மாறவேண்டும். மாறாவிட்டால் சாதனம் பழைய பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும். விஎம்மை ஓட்டும் மென்பொருளான க்யூஎம்யூவின் 10.1 பதிப்பில்தான் இதற்கான ஏற்பாடு முறையாகச் சேர்ந்தது. அது 4 கேபி துண்டுகளாக மேப் செய்கிறது. விஎஃப்ஐஓவின் இயல்பு வரம்போ 65,535 மேப்பிங் பதிவுகள். அதாவது சுமார் 256 எம்பி பகிர்ந்த மெமரியோடு வரம்பு தீர்ந்துவிடும்! 8 ஜிபி விஎம்மின் பவுன்ஸ் பஃபரே இதைத் தாண்டிவிடும். விஎஃப்ஐஓ மாட்யூலின் அந்த வரம்பை முன்கூட்டியே உயர்த்தி வைப்பது நல்லது.

ஜிபியு என்றால் கதை வேறு

2022இல் அறிவித்த ஹெச்100 ஜிபியுவில் நிவிடியா எடுத்த வழி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது மதர்போர்டில் எதுவும் மாறும் வரை காத்திருக்கவில்லை. டிரைவர், சாதனத்தின் அடையாளத்தைச் சரிபார்க்கும் நெறிமுறையான எஸ்பிடிஎம் வழியாக ஜிபியுவை அறிந்து, அதனோடு சேர்ந்து ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கிறது. பகிர்ந்த பஃபரில் வைக்கும் முன்பே டிரைவர் தரவை ஏஇஎஸ்-ஜிசிஎம்மில் குறியாக்கம் செய்துவிடும். ஜிபியு தன் சில்லுக்குள் அவிழ்த்துக்கொள்ளும். ஹோஸ்ட் பஃபரைப் பார்க்கலாம், புரியாது. ஜிபியுவின் சொந்த மெமரியான ஹெச்பிஎம்மில் குறியாக்கம் இல்லை; ஒரே பேக்கேஜுக்குள் இருப்பதால் அதை நம்பத்தகுந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை பிசிஐஇ இணைப்பின் வேகத்தில் தெரியும். பிசிஐஇ 5, 16 லேன் ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 64 ஜிபி தரும். குறியாக்க வேலை சிபியுவில் நடப்பதால் அது 4 ஜிபி அளவுக்கு இறங்குகிறது. 70 ஜிபி ஏஐ மாடலை ஏற்ற ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகவேண்டியது 17, 18 விநாடியாகிறது. மாடல் ஒருமுறை ஏறிவிட்டால் கணக்கெல்லாம் ஹெச்பிஎம்முக்குள்ளேயே நடப்பதால், கேள்வி-பதில் சேவைக்கு இந்த இழப்பு பெரிதாக உறைக்காது. கேவி கேச்சை (மாடல் முன்பே கணக்கிட்டு வைத்த இடைநிலைத் தரவை) சிபியு மெமரிக்குத் தள்ளித் தள்ளி எடுக்கும் அமைப்பு, பயிற்சித் தரவை ஓயாமல் ஊட்டும் வேலை, இவை இரண்டும் கண்டிப்பாக அடிபடும். பல ஜிபியுக்களைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: ஹெச்100இன் ஹாப்பர் தலைமுறையில், ஜிபியுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் என்விலிங்க்குக்குக் குறியாக்கம் கிடையாது, அடுத்த தலைமுறையான பிளாக்வெல்லில் உண்டு.

இந்த வழியில் ஒரு நல்ல கட்டுப்பாடும் இருக்கிறது. கான்ஃபிடென்ஷியல் மோடில் ஜிபியு எழுந்தவுடன் குடா (ஜிபியு கணக்கீட்டு) வேலை எதையும் ஏற்காது. அது உண்மையான, மாற்றப்படாத ஜிபியுதான் என்று காட்டும் சான்றறிக்கையைச் சரிபார்த்துவிட்டு, 'தயார்' என்ற நிலையை நீங்கள் அமைக்கவேண்டும். சிலர் பூட் ஸ்கிரிப்டில் சரிபார்ப்பே இல்லாமல் நேராகத் 'தயார்' போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இவ்வளவு செலவழித்ததற்கே அர்த்தமில்லை.

அசூரின் என்சிசி-ஹெச்100 விஎம்கள் எஸ்என்பியோடும், கூகுளின் ஏ3 கான்ஃபிடென்ஷியல் விஎம்கள் டிடிஎக்ஸோடும் இந்த வழியைத்தான் தருகின்றன. சொந்தமாக சர்வர் வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இதுவே கைக்கெட்டும் வழி.

டிடிஐஎஸ்பி: திண்ணையே வேண்டாம்

பிசிஐ தரநிலைகளை வகுக்கும் பிசிஐ-சிக் அமைப்பு 2022இல் வெளியிட்ட டிடிஐஎஸ்பி எனும் நெறிமுறை, சாதனத்தையே நம்பிக்கை வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்கிறது. எஸ்பிடிஎம் சாதனத்தின் அடையாளத்தைப் பார்க்கும். ஐடிஇ, பிசிஐஇ இணைப்பையே ஹார்டுவேரில் குறியாக்கம் செய்யும். பிறகு சாதனத்தின் இடைமுகம் பூட்டப்படும். கெஸ்ட் அறிக்கையைப் படித்து ஏற்றுக்கொண்டால்தான் ஓடும் நிலைக்குப் போகும். பூட்டிய பின் ஹோஸ்ட் அமைப்பை மாற்ற முயன்றால் பிழை நிலைக்கு இறங்கிவிடும். இதெல்லாம் கூடிவந்தால் சாதனம் தனிப்பட்ட மெமரிக்கே நேராக டிஎம்ஏ செய்யும். நகலும் இல்லை, சிபியு குறியாக்கமும் இல்லை. ஏஎம்டி இதை எஸ்இவி-டிஐஓ என்கிறது, இன்டெல் டிடிஎக்ஸ் கனெக்ட் என்கிறது.

ஜிபியுவுக்கு இதுதான் சரியான வழி, சந்தேகமே இல்லை. ஆனால் சிபியு, ரூட் போர்ட் (சிபியு பக்கத்து பிசிஐஇ முனை), சாதனம், அதன் ஃபர்ம்வேர், பயாஸ், ஹோஸ்ட் கெர்னல், கெஸ்ட் கெர்னல் ஆகிய அத்தனையும் ஒத்துவரவேண்டும். லினக்ஸில் இதற்கான துண்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இதை நம்பி இந்த ஆண்டு ஒரு சேவையைத் திறக்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன்.

டிஸ்க்குக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் இது தேவையா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பெரும்பாலும் தேவையில்லை. டிடிஐஎஸ்பியில் ஏற்றுக்கொண்ட சாதனம் உங்கள் தனிப்பட்ட மெமரியில் எழுதலாம். அதன் ஃபர்ம்வேரில் ஒரு ஓட்டை இருந்தால் அது இனி உங்கள் ஓட்டை. பவுன்ஸ் பஃபரோ அந்தச் சாதனத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நகலெடுக்கும் செலவு உண்மையிலேயே வலிக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். உங்கள் வேலை முழு வேகத்தில் ஓடும்போது கெஸ்ட்டுக்குள் லினக்ஸின் பெர்ஃப் எனும் அளவீட்டுக் கருவியை ஓட்டினால், பவுன்ஸ் நகலெடுப்பு எத்தனை சதவீதம் சிபியு எடுக்கிறது என்பது தனி வரியாகவே தெரியும். அந்த வரி மேலே வராத வரை லக்ஸோடும் டிஎல்எஸ்ஸோடும் இருங்கள். புது சர்வருக்கான பணத்தை ஜிபியு பக்கம் வையுங்கள். வாங்கும்போது அந்த போர்டில் ஐடிஇ எந்தெந்த ஸ்லாட்டில் வேலை செய்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.